நாய்க்குட்டிக்குப் பால் சோறு போதுமா?

எங்கள் குடியிருப்பில் கீழ் வீட்டுக்கு ஒரு நாய்க்குட்டி வந்திருக்கிறது. லாப்ரடார். பையன் பரீட்சையில் நல்ல மார்க் வாங்கினால் வாங்கித் தருவதாக அப்பா வாக்குக் கொடுத்திருந்தாராம். அட்டைப்பெட்டி, அதற்குள் பழைய டர்க்கி டவல், அதன்மேல் வெண்ணெய் உருண்டை மாதிரி குட்டி. பார்க்கப் போனேன். வயசு கேட்டேன். முப்பத்தைந்து நாளாம்! பக்கத்தில் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் பால், அதில் ஊறிப்போன மேரி பிஸ்கட்.

"குடுத்தவர் என்ன சாப்பாடு போடச் சொன்னார்?" என்றேன்.

"பால்ல பிஸ்கட் ஊற வெச்சுக் குடுங்க, பத்து நாள் போனா பால் சோறு, அதுக்கப்புறம் நீங்க சாப்பிடறதையே போடலாம்னார் சார். ஒண்ணும் கஷ்டமில்லேன்னார்" என்றார் அந்த வீட்டு அம்மா.

எனக்குச் சுருக்கென்றது. இருபது வருஷத்துக்கு முன்னால் எனக்கும் ஒருத்தர் இதையேதான் சொன்னார், கிட்டத்தட்ட வார்த்தை மாறாமல்!

அப்போது எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு அல்சேஷன் குட்டி. ராஜா என்று பெயர். ராஜா மாதிரிதான் வைத்திருந்தோம். காலையில் பால், பத்து மணிக்குப் பருப்பு சாதம் நெய் விட்டு, மத்தியானம் தயிர் சாதம், ராத்திரி திரும்பவும் பால் சோறு. நடுநடுவே என் பெண் பிஸ்கட்டாகப் போட்டுத் தள்ளுவாள். வயிறு எப்போதும் பானை மாதிரி. "பாரு, எப்படிப் புஷ்டியா இருக்கு" என்று என் அம்மாவுக்கு ஏகப் பெருமை.

நாலாவது மாசம் முன்னங்கால் இரண்டும் வில் மாதிரி வளைய ஆரம்பித்தன. 'அல்சேஷனுக்கு அப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரியாயிடும்' என்றார்கள். ஐந்தாவது மாசம் ஒருநாள், வாசல் திண்ணையிலிருந்து கீழே குதித்தது. இரண்டடி உயரம்கூட இருக்காது. வீல் என்று ஒரு கத்தல்... பின்னங்காலைத் தரையில் ஊன்றவே இல்லை. டாக்டர் எக்ஸ்ரே ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டினார். எலும்பு வெள்ளையாகத் தெரிய வேண்டும், இல்லையா? புகை மாதிரி மங்கலாகத் தெரிந்தது. நடுவில் முறிவு.

"என்ன சாப்பாடு போடறீங்க?"

"நாங்க சாப்பிடறதுதான் டாக்டர். ஒரு குறையும் வைக்கலை."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "நீங்க சாப்பிடறது உங்களுக்கு சார்" என்றார்.

ராஜா பிழைத்துக்கொண்டது. ஒன்பது வருஷம் எங்களோடு இருந்தது, ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தபடி. அது மாடிப்படி ஏறும் ஒவ்வொரு தடவையும் எனக்கு அந்தத் தயிர் சாதம் ஞாபகம் வரும். நான் டாக்டர் இல்லை. தப்புச் செய்துவிட்டு அப்புறம் படித்துத் தெரிந்துகொண்ட சாதாரண குடும்பஸ்தன். நாய்க்குட்டி வளர்க்கும் வீடுகளில் நடக்கும் பெரிய கொடுமை அடியோ உதையோ இல்லை, பாசத்தோடு போடுகிற தப்பான சாப்பாடுதான் என்பது என் கட்சி. அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் பாலை எடுத்துக்கொள்வோம். தாய் நாயின் பாலில் ஏழெட்டு சதவிகிதம் புரோட்டீன், ஒன்பது பத்து சதவிகிதம் கொழுப்பு. நாம் வாங்கும் பசும்பாலில் புரோட்டீன் மூணு சொச்சம், கொழுப்பு நாலு. ஆக, சத்து பாதிக்கும் கீழே. லாக்டோஸ் என்ற பால் சர்க்கரையோ பசும்பாலில்தான் அதிகம். பால் மறக்கும் வயசில் அதை ஜீரணிக்கும் சக்தியும் குட்டிக்குக் குறைந்துகொண்டே வரும். ஜீரணமாகாத சர்க்கரை குடலில் தண்ணீரை இழுக்கும். விளைவு? ஹால் முழுக்கக் கழிச்சல், 'இது என்ன தொல்லை' என்று வீட்டில் சண்டை. பாலையும் தண்ணீரையும் சரிக்குச் சரி கலந்து கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். பாதிச் சத்தை அதில் பாதியாக்குகிறார்கள், அவ்வளவுதான்.

பிஸ்கட் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. மைதாவும் சர்க்கரையும். நம் குழந்தைக்கே அதைச் சாப்பாடாக வைக்க மாட்டோம்.

இப்போது பால் சோற்றுக்கு ஒரு மனக்கணக்கு. நூறு கிராம் அரிசி, இருநூறு மில்லி பால். அரிசியில் சுமார் ஏழு கிராம் புரோட்டீன், பாலில் ஆறரை கிராம். ஈரத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால் மொத்தத்தில் 12 சதவிகிதம் தேறும். வளரும் குட்டிக்கு எவ்வளவு வேண்டும்? பிராணிகளின் உணவுக்கு அளவு வகுக்கும் ஆஃப்கோ என்ற அமெரிக்க அமைப்பு, ஈரம் கழித்த கணக்கில் குறைந்தபட்சம் 22.5 சதவிகிதம் என்கிறது. வளர்ந்த நாய்க்கு 18 போதும். அதாவது கிழட்டு நாய்க்கே போதாத சோற்றை நாம் குட்டிக்குப் போட்டு, 'நல்லா சாப்பிடறது' என்று சந்தோஷப்படுகிறோம். குட்டிக்கோ, ஒரு கிலோ எடைக்கு வளர்ந்த நாயைப்போல இரண்டு மடங்கு சக்தி வேண்டும். முதல் நாலு மாசம் அப்படி ஒரு வேகத்தில் வளரும்.

சோறே ஆகாது என்று நான் சொல்ல வரவில்லை. 'நாய் ஓநாய்ப் பரம்பரை, அரிசி அதற்கு விஷம்' என்று ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. அவர்களையும் நம்பாதீர்கள். மனுஷனோடு பல்லாயிரம் வருஷம் வாழ்ந்ததில், மாவுச்சத்தை ஜீரணிக்கும் ஜீன் நாய்க்கு ஓநாயைவிடப் பல மடங்கு பெருகியிருப்பதை ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2013-ல் கண்டுபிடித்துச் சொன்னார்கள். நன்றாகக் குழைந்த சோறு நாய்க்குச் செரிக்கும். ஆனால் சோறு மட்டுமே சாப்பாடாகாது.

"கேழ்வரகு கஞ்சி குடுக்கறோமே, அதுல கால்சியம் கொட்டிக் கிடக்கே?" என்பார்கள். கேழ்வரகு நல்ல தானியம்தான். நூறு கிராமில் 340 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது, அரிசியில் இருப்பது அதில் சொற்பம். ஆனால் குட்டிக்கு ஒவ்வொரு ஆயிரம் கலோரிக்கும் மூணு கிராம் கால்சியம் வேண்டும். கேழ்வரகையே வயிறு முட்டச் சாப்பிட்டாலும் ஆயிரம் கலோரிக்கு ஒரு கிராம்தான் கிடைக்கும். மூன்றில் ஒரு பங்கு! நம் வீட்டுப் பிள்ளைக்குப் போதுமானது ஐந்தே மாசத்தில் இருபது கிலோவாகிவிடும் ஜீவனுக்குப் போதுமா?

அசைவ வீடுகள் 'நாங்கள் தப்பித்தோம்' என்று நிம்மதிப் பெருமூச்சு விட வேண்டாம். அங்கே நடக்கும் தப்பு வேறு மாதிரி. எலும்பு தொண்டையில் சிக்குமே என்று பயந்து, வெறும் சதைக்கறியும் ஈரலுமாக வேகவைத்துப் போடுவார்கள். கறியில் பாஸ்பரஸ் ஏராளம், கால்சியம் கிட்டத்தட்ட இல்லை. குட்டிக்குக் கால்சியமும் பாஸ்பரஸும் ஒன்றுக்கு ஒன்றிலிருந்து இரண்டுக்கு ஒன்றுக்குள் இருக்க வேண்டும். வெறும் கறியில் கால்சியம் ஒன்று என்றால் பாஸ்பரஸ் பதினைந்து, இருபது என்று எகிறும். ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் உடம்பு சும்மா இருக்குமா? எலும்பிலிருந்து கரைத்து எடுத்துக்கொள்ளும். கடைசியில் எலும்பு பஞ்சாகிவிடும். வாரம் மூன்று கிலோ கோழி வாங்கிப் போட்ட பணக்கார வீட்டுக் குட்டிக்கும், தயிர் சாதம் தின்ற என் ராஜாவுக்கும் எக்ஸ்ரேயில் பெரிய வித்தியாசம் தெரியாது.

"அப்போ கால்சியம் டானிக் ஊத்திடலாமே?" இதுதான் அடுத்த கேள்வி. இதில்தான் ஜாக்கிரதை வேண்டும். கால்சியம் அதிகமானால், வளர்ந்த நாயின் குடல் வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடும். சின்னக் குட்டிக்கு அந்தக் கட்டுப்பாடு இன்னும் வந்திருக்காது. கொடுப்பதெல்லாம் உள்ளே போகும். நெதர்லாந்தில் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் 1980-களில் கிரேட் டேன் குட்டிகளுக்கு அதிகக் கால்சியம் கொடுத்துப் பார்த்தார்கள். எலும்பு உறுதியாவதற்குப் பதிலாகக் கோணல்மாணலாக வளர்ந்தது. ஏற்கெனவே சமச்சீரான குட்டி உணவு சாப்பிடும் லாப்ரடாருக்கும் அல்சேஷனுக்கும் மேலே டானிக் ஊற்றுவது உபகாரமில்லை, உபத்திரவம். டாக்டர் எழுதிக் கொடுத்தால் ஒழிய டானிக் பாட்டிலைத் தொடாதீர்கள்.

இன்னொரு நம்பிக்கை: காலை வெயிலில் குட்டியைக் கட்டிப்போட்டால் விட்டமின் டி கிடைத்துவிடும் என்பது. நமக்குக் கிடைக்கும். நாயின் தோலுக்கு வெயிலிலிருந்து அதைப் போதிய அளவு தயாரிக்கும் திறமை கிடையாது. சாப்பாட்டில்தான் வர வேண்டும். நாங்கள் ராஜாவைத் தினமும் மொட்டை மாடியில் வெயில் காய வைத்தோம். அதற்கு நாக்குத் தள்ளியதுதான் மிச்சம்.

சரி, என்னதான் போடுவது? என் அபிப்பிராயத்தைப் பச்சையாகவே சொல்கிறேன். முதல் ஒரு வருஷம், குட்டிகளுக்கென்றே தயாரித்த முழுமையான உணவைக் கடையில் வாங்கிப் போடுங்கள். நான் எந்தக் கம்பெனிக்கும் ஏஜெண்ட் இல்லை. கம்பெனி உணவெல்லாம் அமிர்தம் என்றும் சொல்லவில்லை. 2007-ல் மெலமைன் என்ற ரசாயனம் கலந்த கோதுமைப் புரோட்டீனால் அமெரிக்காவில் நாய், பூனைகள் செத்து, மூட்டை மூட்டையாகச் சரக்கைத் திரும்பப் பெற்றார்கள். அதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனாலும், நாற்பதுக்குக் கிட்டத்தட்ட சத்துகளைச் சரியான விகிதத்தில் கலக்கும் வேலையை, ஆபீசுக்குக் கிளம்பும் அவசரத்தில் நம் வீட்டு அடுப்படியில் செய்ய முடியாது. வளர்ந்த நாய்க்குக் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் தாங்கும். குட்டி தாங்காது.

பை வாங்கும்போது முன்பக்கத்துப் படத்தைப் பார்க்காதீர்கள், அதில் எல்லா நாயும் சிரித்துக்கொண்டுதான் இருக்கும். பின்பக்கத்தைப் படியுங்கள். 'முழுமையான, சமச்சீரான உணவு' என்று இருக்கிறதா? 'வளர்ச்சிக்கு' அல்லது 'எல்லா வயதுக்கும்' என்று இருக்கிறதா? வளர்ந்த நாய்க்கு மட்டும் என்றிருந்தால் அது உங்களுக்கு வேண்டாம். துணை உணவு என்று இருந்தால் அது ஊறுகாய் மாதிரி, சாப்பாடாகாது. பெரிய இனக் குட்டி என்றால் பெரிய இனக் குட்டிகளுக்கான பை. அதில் கால்சியத்துக்கு உச்சவரம்பு இன்னும் குறைவு. லாப்ரடார் வாங்கிய கீழ் வீட்டுக்காரருக்கு நான் முதலில் சொன்னது இதைத்தான்.

புரோட்டீன் கணக்கிலும் ஏமாந்துவிடாதீர்கள். குழம்பு மாதிரி இருக்கும் பாக்கெட்டில் 8 சதவிகிதம் என்றும், உலர் உணவில் 24 என்றும் போட்டிருக்கும். முதலாவதில் 80 சதவிகிதம் தண்ணீர். ஈரத்தைக் கழித்தால் அது 40. உலர்ந்தது 27-தான் வரும். இதனால் குழம்புதான் உசத்தி என்று நினைக்க வேண்டாம், காசு அதிகம். இரண்டையும் ஒரே தராசில் வைக்கத் தெரிய வேண்டும், அவ்வளவே. கடையில் மூட்டையைப் பிரித்து லூஸில் அளந்து கொடுப்பதை வாங்கவே வாங்காதீர்கள். நம் ஊர் மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்தால் அதில் அஃப்ளடாக்ஸின் என்ற விஷம் உண்டாகும், நேராக ஈரலைத் தாக்கும். சின்னப் பையாக வாங்கி, அந்தப் பையோடேயே மூடியுள்ள டப்பாவில் வையுங்கள்.

"எங்க வீட்டுல சுத்த சைவம் சார்" என்பவர்களுக்கு: முட்டைக்கு மட்டுமாவது வீட்டில் இடம் கொடுங்கள், வேகவைத்து. பச்சை முட்டை வேண்டாம், சால்மொனெல்லா கிருமி இருக்கும். வெள்ளைக்கரு பயோட்டின் சத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். உலர் உணவில் கோழியோ மீனோ கலந்துதான் இருக்கும், ஆனால் பார்க்கப் பொரி உருண்டை உடைத்த மாதிரிதான் இருக்கும், எங்கள் அம்மாவே பழகிக்கொண்டாள். அதுவும் கூடாது என்றால், கால்நடை டாக்டரிடம் குட்டியின் எடையைக் காட்டி, எழுத்தில் உணவு முறை வாங்கிக்கொண்டு செய்யுங்கள். அந்தச் சிரமமும் முடியாதென்றால் பெரிய ஜாதிக் குட்டி வாங்காமல் இருப்பது நல்லது. கசப்பாக இருக்கிறதா? ராஜாவின் காலைப் பார்த்திருந்தால் நீங்களும் இதைத்தான் சொல்வீர்கள்.

செலவு? ஆமாம், ஆகும். குட்டி என்ன விலை என்று ஆயிரம் கடையில் விசாரிக்கிறோம். மாசாமாசம் அது என்ன சாப்பிடும் என்று ஒரு கடையில்கூட விசாரிப்பதில்லை. வாங்குவதற்கு முன்னால் பெரிய நாய்க்கு மாசம் எத்தனை கிலோ ஆகும் என்று கேட்டுவிட்டு, பால் கணக்கு, கரண்ட் பில்லோடு சேர்த்து எழுதிப் பாருங்கள். கட்டுப்படியாகாது என்றால் சின்ன உடம்புள்ள நாட்டுக் குட்டி ஒன்றை எடுத்து வளர்க்கலாம், அதன் வயிறும் சின்னது.

எவ்வளவு, எத்தனை வேளை? எட்டு வாரத்திலிருந்து மூன்று மாசம் வரை நாலு வேளை, ஆறு மாசம் வரை மூணு, அதற்குப் பிறகு இரண்டு. பல் முளைக்கும் குட்டிக்கு வெந்நீரில் ஊறவைத்துக் கொடுங்கள். பொமரேனியன், சிவாவா போன்ற பொடிக் குட்டிகளை ராத்திரி வெகுநேரம் பட்டினி போட்டால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கி மயங்கிவிடும். உணவை மாற்றினால் ஒரே நாளில் மாற்றாதீர்கள், ஒரு வாரம் பழையதில் புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றுங்கள். அளவு பையிலேயே இருக்கும், அது ஒரு ஆரம்பக் கணக்கு. விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் துருத்தக் கூடாது. மேலிருந்து பார்த்தால் இடுப்பு தெரிய வேண்டும்.

குண்டுக் குட்டிதான் அழகு என்று நம் எல்லோருக்கும் ஒரு நினைப்பு. அமெரிக்காவில் 48 லாப்ரடார் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்றுக்குக் கொடுத்ததைவிட மற்றதற்குக் கால்பங்கு குறைவாகக் கொடுத்து ஆயுசு முழுக்கக் கவனித்தார்கள். 2002-ல் முடிவு வெளியானது. அதிகம் சாப்பிட்டவை நடுக்கணக்கில் 11.2 வருஷம், குறைவாகச் சாப்பிட்டவை 13 வருஷம். மூட்டு வலியும் இவற்றுக்குத் தாமதமாகத்தான் வந்தது. ஒரு பிடி சோறு குறைத்ததற்கு ஏறக்குறைய இரண்டு வருஷ ஆயுசு!

அப்புறம், பானை வயிறு. ராஜாவுக்கு இருந்ததைப் புஷ்டி என்று நினைத்தோமே, அதில் பாதி பூச்சி. உருண்டைப் புழு தாயின் வயிற்றிலேயே குட்டிக்குத் தொற்றிவிடும், பாலிலும் வரும். இரண்டாவது வாரத்திலிருந்தே டாக்டர் சொல்கிற இடைவெளியில் பூச்சி மருந்து கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் போடும் விலை உயர்ந்த சாப்பாட்டைப் புழுதான் தின்னும். அது நம் குழந்தைகளுக்கும் தொற்றக்கூடியது.

நம் சமையலறையிலேயே குட்டிக்கு ஆகாதவை இருக்கின்றன. வெங்காயம், பூண்டு - பச்சையோ வெந்ததோ - ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். ஆகவே சாம்பார் சாதம் கிடையாது. பாயசத்தில் போடும் உலர் திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட் கூடாது. சர்க்கரை இல்லாத சூயிங்கத்தில் வரும் சைலிட்டால் குட்டியின் ரத்தச் சர்க்கரையைத் தடாலென்று இறக்கிவிடும். குழம்பில் வெந்த கோழி எலும்பு ஊசி ஊசியாக உடைந்து குடலைக் குத்தும். பண்டிகை நாளில் வீட்டுக்கு வரும் விருந்தாளிகள் தட்டிலிருந்து எடுத்துப் போடுவார்கள், முகம் பார்க்காமல் தடுத்துவிடுங்கள்.

"தெருவில இருக்கற நாயெல்லாம் எச்சிச் சோறு தின்னுட்டு ஜம்முனு இல்லையா?" என்று ஒருவர் கேட்காமல் இந்தப் பேச்சு முடிந்ததே இல்லை. நாம் பார்ப்பது பிழைத்ததை மட்டும்தானே? மேற்கு வங்காளத்தில் தெருநாய்க் குட்டிகள் 364-ஐத் தொடர்ந்து கவனித்து 2016-ல் எழுதினார்கள். வளர்ந்து பருவம் அடைந்தவை நூற்றுக்குப் பத்தொன்பதுதான். சாப்பாடு மட்டும் காரணமில்லை. வண்டியில் அடிபட்டது, மனுஷர்கள் கொன்றது, தூக்கிப் போனது எல்லாம் உண்டு. ஆனாலும் மிச்சம் 81 குட்டிகள் நம்மிடம் வந்து 'நாங்கள் ஜம்மென்று இல்லை' என்று சொல்ல முடியாது.

கீழ் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-லேயே மத்திய அரசு விதி கொண்டுவந்துவிட்டது. தாயிடமும் கூடப்பிறந்தவற்றிடமும் இருந்து கடிக்கப் பழகி, பால் மறந்து, திட உணவுக்கு வந்த பிறகுதான் அது நம் வீட்டுக்கு வர வேண்டும். ஆனாலும் 'சின்னதா இருந்தாத்தான் பாசமா ஒட்டிக்கும்' என்று வாங்குபவர்கள் கேட்கிறார்கள், விற்பவர்கள் கொடுக்கிறார்கள். விற்பவரை மட்டும் திட்டி என்ன பிரயோஜனம்?

மூன்றாம் நாளே குட்டிக்குக் கழிச்சல் கண்டது. 'பால் ஒத்துக்கலை போல, நாளைக்குப் பார்க்கலாம்' என்றார்கள். நான் விடவில்லை. அந்த வயசில் பார்வோ வைரஸும் கழிச்சலாகத்தான் ஆரம்பிக்கும், ஒரு நாள் தாமதித்தால்கூட ஆபத்து. அன்று ராத்திரியே டாக்டரிடம் போனோம். நல்லவேளை, பாலும் பூச்சியும்தான். பாலை நிறுத்தினார், பூச்சி மருந்து கொடுத்தார், குட்டி உணவை வெந்நீரில் குழைத்துக் கொடுக்கச் சொன்னார், தடுப்பூசித் தேதிகளை எழுதிக் கொடுத்தார்.

இப்போது அதற்குப் பதிமூன்று வாரம். கால் நேராக இருக்கிறது. வாராவாரம் பையன் அதைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி, தன் எடையைக் கழித்து நோட்டில் எழுதி வைக்கிறான். நேற்று மாடிக்கு ஓடி வந்தான்.

"அங்கிள், நான் ஸ்கூலுக்குப் போனதும் பாட்டி யாருக்கும் தெரியாம நெய் சாதம் போடறாங்க. கேட்டா, 'குழந்தை ஏங்கிப் போகுதுடா'ங்கறாங்க. நீங்க வந்து சொல்லுங்க."

என் அம்மா இருந்திருந்தால் அவளும் அதைத்தான் செய்திருப்பாள். ராஜாவின் எக்ஸ்ரே ஃபிலிம் இன்னும் பரண் மேல் ஒரு கவரில் இருக்கிறது. நாளைக்கு அதை எடுத்துத் தூசி தட்டிக்கொண்டு, பாட்டியைப் பார்க்கக் கீழே போவதாக இருக்கிறேன்.